தகவலாளி அ

1

இந்தக் கதை என்னுடையதில்லை. பதிப்பகத்தில் எனக்கு எதிர் மேசையில் மெய்ப்புப் பார்க்கிறவன் சொன்னது. ஆங்கில இலக்கியமும் பண்பாட்டாய்வும் முதுகலை படித்தவன். எதைச் சொன்னாலும் நடுவில் நிறுத்தி ஒரு விளக்கம் சேர்ப்பான் என்பதால் வகுப்பில் அவனுக்கு ‘அடிக்குறிப்பு’ என்று பெயர்.

“எழுதிக்கோங்க சார். ஆனா எங்கக்காவைப் பாவம்னு காட்டிடாதீங்க” என்றான்.

இந்த ஒரு நிபந்தனையில் என் தொடக்கங்கள் எல்லாம் அடிபட்டுப் போயின. அவற்றில் ஒன்று: சுவரில் தண்ணீர்க் கறை படிந்த அந்த அறை, அக்காவின் வாழ்க்கையைப் போலவே— (வேண்டாம். அறை சுத்தமாகத்தான் இருந்ததாம்.)

2

அக்காவுக்கு ஒரு வெளிநாட்டுச் சலவை இயந்திர நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் வேலை. வீட்டிலிருந்தே பேசுவாள். ஹெட்செட்டை மாட்டியதும் பெயர் மாறும், குரல் அரைக்கட்டை ஏறும், சிரிப்புகூட வேறு யாருடையதோ ஆகிவிடும். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் மிக்சி போட மாட்டார்கள்.

தம்பி தமிழ் வழியில் படித்து முதுகலைக்கு வந்தவன். முதல் கருத்தரங்கில் எழுந்து நின்றான். வாய் திறக்காமலே உட்கார்ந்துவிட்டு வீடு திரும்பினான். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் அக்கா ஹெட்செட்டைக் கழற்றாமல் நாற்காலியைத் திருப்பி, கோபக்கார வாடிக்கையாளர் ஆகிவிடுவாள்.

“சார், உங்ககிட்ட ஒரு கட்டுரை வாங்கினேன். ரெண்டாவது பத்தியிலேயே நின்னுபோச்சு. எப்ப சரி பண்ணுவீங்க?”

“இதை இங்கிலீஷ்ல கேளுக்கா.”

“இங்கிலீஷ்ல கேட்டா நீ அழுதுடுவ.”

“கேளேன்.”

கேட்டாள். அவன் திக்கினான். அவள் காத்திருந்தாள். ஓர் ஆண்டில் வகுப்பில் வாய் மூடாதவன் ஆனான்.

(நன்றியுணர்வு பற்றி இங்கே ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அந்த வயதில் அவனுக்கு அது தோன்றவில்லை. தோன்றியதாக எழுதினால் எனக்குத்தான் நிம்மதி.)

3

பண்பாட்டாய்வுத் தாளுக்கு ஆளுக்கொரு ‘அன்றாடப் பிரதி’ வேண்டும். கடைப்பலகை, விளம்பரம், எதுவானாலும் சரி. அதை ஒரு கதையைப் படிப்பதுபோல் படித்து வகுப்பின் முன் பேச வேண்டும். வீட்டாரும் வந்து கேட்கலாம். அடிக்குறிப்பு அக்காவை அழைத்தான். லீவு கிடைக்காது என்றாள்.

“உச்சரிப்பு பழக, நீ வேலையில பேசறப்ப உன் குரலைப் பதிவு பண்ணிக்கட்டுமா?” என்று பிறகு ஒரு நாள் கேட்டான்.

“பண்ணிக்கோடா. காதுக்கு நல்லதுதான்.”

கேட்டபோது அது பொய்யில்லை என்கிறான். (நம்புகிறேன். ‘கடன் வாங்கிய குரல்’ என்ற தலைப்பு அதற்கப்புறம்தான் தோன்றியதாம். நல்ல தலைப்பு கிடைத்துவிட்டால் ஆள் என்னவெல்லாம் செய்வான் என்பது எனக்கும் தெரியும்.)

ஆய்வு முறைப்படி பெயரை எடுத்துவிட்டு ‘தகவலாளி அ’ என்று போட்டான். பெயரை எடுத்ததோடு அக்காவும் அதிலிருந்து போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டான். வாடிக்கையாளர்களிடம் அவள் கேட்ட மன்னிப்புகளை வகைபிரித்துத் திரையில் பட்டை வரைபடமாகக் காட்டினான். பிறகு பதிவை ஓட்டினான். எதிர்முனையில் கத்தியவரின் குரல் அதில் இல்லை. அக்கா மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள். வகுப்பு சிரித்தது. அடுத்த துண்டை இன்னும் சத்தமாக வைத்தான்.

அப்போதுதான் கடைசி வரிசையைப் பார்த்தான். ஷிஃப்டை மாற்றிக்கொண்டு அக்கா வந்திருந்தாள்.

4

பேராசிரியை ஆங்கிலத்தில் கேட்டார்: தன் குரல் இப்படி அலசப்படுவது இந்தத் தகவலாளிக்குத் தெரியுமா?

தெரியும், சம்மதம் வாங்கியாயிற்று என்றான். தெரியாது என்றால் தாளே செல்லாது.

பேராசிரியையின் பார்வை கடைசி வரிசைக்குப் போனது. நீங்கள் யார் என்றார். சக மாணவர்கள் “அவன் அக்கா மேடம்” என்றார்கள். அவருக்கு மகிழ்ச்சி. தம்பி பேசியது எப்படி இருந்தது என்று ஆங்கிலத்திலேயே கேட்டார்.

எல்லாத் தலைகளும் திரும்பின. அந்தக் குரலை எல்லாரும் இப்போதுதான் கேட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் போதும், தகவலாளி யாரென்று தெரிந்துவிடும், சம்மதம் வாங்கியதாகச் சொன்ன அவன் பொய் அங்கேயே உடையும்.

அக்கா எழுந்தாள்.

“நல்லாப் பேசினான்னு தெரியுது மேடம். எனக்கு இங்கிலீஷ் வராது.”

பேராசிரியை கனிவோடு தமிழுக்கு மாறி, இப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரு பிள்ளை இவ்வளவு தூரம் வந்ததைப் பாராட்டினார். பக்கத்து இருக்கை மாணவி ஒருத்தி, பாவம் என்று நினைத்து, அக்காவுக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினாள்.

“அதாவதுக்கா, சில பேர் சம்பளத்துக்காகச் சொந்தக் குரலையே வித்துடறாங்க. அதைத்தான் சொன்னான்.”

அக்கா கடைசிவரை கேட்டாள்.

“அப்படியாம்மா” என்றாள்.

5

முதல் முடிவு: வெளியே வந்ததும் அக்கா அவனை ஓங்கி அறைகிறாள். (அறை விழுந்தால் விஷயம் தீர்ந்துவிடும். அவள் தீர்த்துக் கொடுக்கவில்லை.)

இரண்டாவது: அவன் அழுகிறான், அவள் “விடுடா, மார்க் வந்தாச் சரி” என்கிறாள். (இதில் அவள் தெய்வமாகிவிடுகிறாள். பாவமாக்குவதைவிட மோசம்.)

நடந்தது இவ்வளவுதான். ஒரே பேருந்தில் திரும்பினார்கள். வழியெல்லாம் அவன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். எப்படிக் கேட்டாலும் அது அவன் போட்ட படத்தில் ஏற்கெனவே ஒரு பட்டையாக இருந்தது. அக்கா வழக்கம்போல் பேசினாள், கிண்டல்கூடச் செய்தாள். ஆனால் அன்றிலிருந்து அவனிடம் ஓர் ஆங்கிலச் சொல் பேசியதில்லை. நாற்காலியைத் திருப்பியதுமில்லை. வேலை நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

“இப்பவாவது கதவைத் தட்டலாமே” என்றேன்.

“தட்டி என்ன சார் சொல்ல? நீங்கதான் எழுத்தாளர். எழுதிக் குடுங்க.”

எழுதினேன். நன்றாகவே வந்தது. படித்துப் பார்த்தபோது, அவனையும் கடன் வாங்கிய குரலில்தான் பேச வைத்திருந்தேன். கிழித்துப் போட்டேன்.

ஆகவே அவனைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு நான் விலகிக்கொள்கிறேன். உள்ளே அவள் யாரிடமோ பொறுமையாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். அழைப்பு முடிகிறது. ஹெட்செட்டை மேசையில் வைக்கிற சத்தம் கேட்கிறது. அவன் கையைத் தூக்கி,