அரைத்தல்: ஒரு மணி நாற்பது

ஜூலை மாதத்தில் மாவு அரைக்க நாற்பது நிமிஷம் ஆயிற்று. நவம்பரில் அதே மாவுக்கு ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆயிற்று. அரிசி கூடவில்லை, உளுந்து கூடவில்லை, சாப்பிடுகிறவர்களும் அதே இரண்டு பேர்தான். சீனிவாசராகவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு எண்களையும் மறுபடி பார்த்தார். சமஸ்தான சர்க்காரில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, முப்பத்திரண்டு வருஷம் கழித்து சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவர். காகிதத்தில் ஒரு எண் காரணமில்லாமல் பெருத்துப்போவதை அவர் சும்மா விட்டதில்லை.

"பாகீரதி, இது என்ன?"

"எது?"

"அரைத்தல்."

"அரைச்சாச்சே."

"அரைச்சது தெரியறது. ஏன் இவ்வளவு நேரம்?"

"கல்லு வழவழன்னு ஆயிடுத்து," என்றாள் பாகீரதி. வாயில் முதலில் வந்தது அதுதான்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே அதைப் பக்கத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். அவர் குறித்துக்கொண்டால் நடவடிக்கை வரும். அதை மறந்து போனது அவள் தப்பு.

அந்தப் புத்தகம் அவர் ஓய்வு பெற்ற மறுநாள் ஜோகுபாளையத்து வீட்டுக்குள் வந்தது. கோடு போடாத, நீளமான, தடித்த அட்டை போட்ட நோட்டுப் புத்தகம். அச்சடித்த டைரிகள் அவருக்குப் பிடிக்காது. அவற்றில் ஏகாதசிக்கு இடம் உண்டு, எங்கேயோ இருக்கும் ராஜாவின் பிறந்தநாளுக்கு இடம் உண்டு, மனிதன் ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் பல் தேய்க்கிறான் என்று எழுத இடம் கிடையாது. ஆகவே அவரே அடிக்கோல் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்தார். நாளுக்கு ஒரு பக்கம். இடது பாதி அவருக்கு, வலது பாதி அவளுக்கு. தினமும் திரும்பி வருகிற காரியம் எதுவானாலும் அதற்கு ஒரு பெயர். பல் தேய்த்தல் நான்கு நிமிஷம். ஸ்நானம் பதினொன்று. பத்திரிகை ஐம்பது. அல்சூர் ஏரிக்கரை வரை நடை முப்பத்தைந்து. மத்தியானத் தூக்கத்துக்குச் சிரமபரிகாரம் என்று பெயர், ஒரு மணி நாற்பது. ஞாயிற்றுக்கிழமை சிவப்பு மையில் வார சராசரி. எந்தப் பக்கத்தைக் கூட்டினாலும் சரியாக இருபத்துநாலு மணி வரும். அதில் அவருக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

பாகீரதிக்கு வேண்டியிருந்தது ஒரு மணி நேரம். கடைசிப் பெண்ணையும் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு வீட்டில் ஒரு நிசப்தம் வந்தது. அதற்காக அவள் இருபத்தெட்டு வருஷம் காத்திருந்தாள் என்பது அது வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. பக்கத்து வீட்டு ஜோசஃபின் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பின்பக்கத்து மதிலுக்கு மேலாக அவள் ஒரு நாவலை நீட்டினாள், பிறகு இன்னொன்றை. பாகீரதி நாலாவது நாவலின் நடுவில் இருந்தபோது சீனிவாசராகவன் ஓய்வு பெற்று வந்து அந்த நிசப்தத்துக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

அவள் நேராகத்தான் கேட்டாள். தினம் ஒரு மணி நேரம், யாரும் கூப்பிடாமல், படிக்க வேண்டும் என்றாள். அவர் கோபிக்கவில்லை. புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"தாராளமா. இதுல எங்க இருக்கு அந்த ஒரு மணி? நீயே காட்டு, நான் எழுதித் தரேன்."

அவள் தேடினாள். காலை ஐந்து முதல் இரவு ஒன்பது மணி வரை அவள் பாதியில் ஒரு விரல் வைக்க இடமில்லை. பாத்திரம், பால், தளிகை, துணி, விளக்கு என்று எறும்பு வரிசை மாதிரிப் போயிற்று. இரண்டு நாள் கழித்து, வேலைகளை முடுக்கிவிட்டு, மத்தியானத்தில் நாற்பது நிமிஷம் மிச்சம் பிடித்தாள். அதை அப்படியே சொல்லவும் சொன்னாள். அவர் மிகவும் சந்தோஷப்பட்டு 'காலி: 40' என்று எழுதினார். மறுநாள் காலையில் அதே இடத்தில், 'பழைய பைல் கட்டுகளை வெயிலில் போட்டுத் தட்டி எடுத்தல்: 40' என்று இருந்தது.

உண்மை சொல்லுகிறவளுக்குப் பைல் தட்டுகிற வேலை கிடைக்கும் என்று புரிந்தது. அதற்கடுத்த நாள் அரைக்க ஐம்பது நிமிஷம் ஆயிற்று என்று சொன்னாள்.

ஆட்டுக்கல் பின்கட்டில், தகரக் கூரை போட்ட கொட்டகையில் இருந்தது. தரை எப்போதும் ஈரம், வேஷ்டி அழுக்காகும் என்று அவர் அந்தப் பக்கம் வருவதில்லை. அவள் அரைக்கிற வேளையில் அவர் சிரமபரிகாரத்தில் இருப்பார். ஒரு நாள் இட்லிக்கு, ஒரு நாள் அடைக்கு, நடுவில் வடைக்கு என்று தினம் ஏதாவது அரைக்க இருந்தது. மாவை வழித்துப் பாத்திரத்தில் போட்டுவிட்டுக் கையைக் கழுவி, தலைகீழாகக் கவிழ்த்த பித்தளை அண்டாவுக்கடியிலிருந்து நாவலை எடுப்பாள். ஐம்பது நிமிஷம் ஒரு மணி ஆயிற்று, ஒன்றே கால் ஆயிற்று. கதை சூடு பிடிக்கப் பிடிக்க உளுந்து மசிய மறுத்தது.

"என்னாங்க பாகீரதியம்மா, புக்குல பக்கத்துக்குப் பக்கம் வெள்ளையா கைரேகை?" என்று ஜோசஃபின் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். "லைப்ரரிக்காரி என்னைய இல்ல திட்றா, மாவு மிஷின் வெச்சிருக்கியான்னு."

"கையை நன்னாத்தான் அலம்பறேன். அவசரத்துல நகத்துல ஒட்டிண்டு இருந்திருக்கும்."

"எதுக்கு அவசரம்? சார் தூங்கறாருல்ல?"

"தூங்கறதுக்கும் கணக்கு இருக்கே. ரெண்டு அம்பதுக்கு எழுந்துடுவர்."

"எங்க ஸ்கூல்ல மணி அடிச்சாகூட பத்து நிமிஷம் லேட்டாத்தான் பிள்ளைங்க எந்திரிக்கும். நல்ல ஆளும்மா." ஜோசஃபின் சிரித்துக்கொண்டே அடுத்த நாவலை நீட்டினாள். இரண்டு பாகம்.

கல் வழவழப்பாகிவிட்டது என்று சொன்ன மூன்றாம் நாள் கல் கொத்துகிறவன் வந்தான். ஜீவனஹள்ளியிலிருந்து ஆள் விட்டு வரவழைத்திருந்தார். அவன் குழியை உள்ளங்கையால் தடவிப் பார்த்தான்.

"கல்லு சென்னாகிதெ சாமி. இன்னூ எரடு வர்ஷ கொத்தோது பேடா."

கல் நன்றாகத்தான் இருக்கிறது, இரண்டு வருஷத்துக்குக் கொத்தவே வேண்டாம் என்று கல்லோடு பிறந்தவன் சொல்கிறான். சீனிவாசராகவன் அவனுக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். அவனுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் சிவப்பு மையைப் பார்த்ததும் மரியாதையாக உளியை எடுத்துக் கொத்தினான்.

மூன்று நாள் இட்லியில் கல் பொடி நறநறத்தது. அவருடைய பாதியில் டிபன் நேரம் பன்னிரண்டு நிமிஷத்திலிருந்து பத்தொன்பதாயிற்று. அரைக்கும் நேரம் மட்டும் குறையவில்லை. குறைத்துச் சொல்லியிருக்கலாம், பாகீரதிக்கு அது தெரியும். ஆனால் இரண்டாம் பாகத்தில் கதாநாயகியை ஆற்றங்கரையில் தனியாக நிறுத்திவிட்டு அவளால் அடுப்படிக்குப் போக முடியவில்லை. "ஒண்ணே முக்கால்," என்றாள். அவர் குளிர் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். பெங்களூர்க் குளிரில் உளுந்து சரியாக ஊறாது. வெந்நீரில் ஊறப்போடச் சொன்னார். பிறகு உளுந்துக் கடையை மாற்றினார். பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுக்குப் பின், படுக்கையை விரிக்க வேண்டாம் என்றார்.

"நானே வந்து பாக்கறேன்."

அண்டாவுக்கடியில் நாவல் இருந்தது, இன்னும் நாற்பது பக்கம் பாக்கி. அவர் மணைப் பலகையை எடுத்துவந்து போட்டு, வேஷ்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓய்வு பெற்றபோது கொடுத்த பைக் கடிகாரத்தைத் திறந்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பலகையைப் போட்டது அண்டாவுக்குப் பக்கத்தில்.

"ஆரம்பி."

அவள் குழவியைச் சுற்றினாள். கையைத் தாமதிக்க விட்டால் கல்லை மறுபடி கொத்துவார். வேகமாகச் சுற்றினால் இத்தனை மாதம் என்ன செய்தாய் என்று கேட்பார். எதையும் நினைக்காமல், வழக்கமாக எப்படி அரைப்பாளோ அப்படியே அரைத்தாள். முப்பத்தெட்டு நிமிஷத்தில் மாவு வெண்ணெயாக வந்துவிட்டது.

பாகீரதி கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள். இப்போது கேட்பார் என்று நினைத்தாள்.

சீனிவாசராகவன் கடிகாரத்தை மூடினார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "பாத்தியா? மேல்பார்வை இல்லேன்னா வேலை இழுத்துண்டே போகும். ஆபீஸ்லயும் இதேதான். முப்பத்திரண்டு வருஷம் பாத்திருக்கேன்."

அவரால் அதை மட்டும்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அவள் பொய் சொல்லியிருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. அதில் அவளுக்கு ஆறுதலைவிடக் கொஞ்சம் அவமானம்தான் அதிகமாக இருந்தது. அவர் அன்றே புதிதாக ஒரு வரி சேர்த்தார்: 'மேல்பார்வை: 38.' இனி தினமும். மிச்சப்பட்ட ஒரு மணி நேரம் பைல் கட்டுகளுக்குப் போயிற்று.

நாலு நாள் அவர் பலகையில் உட்கார்ந்தார். நாலு நாளும் நாவல் அவருடைய கணுக்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் அண்டாவுக்குள் கிடந்தது. பாகீரதி பைல்களைத் தட்டினாள். ஆற்றங்கரையில் நின்றவள் குதித்தாளா, திரும்பினாளா என்று தெரியவில்லை. தட்டுகிற ஒவ்வொரு கட்டிலும் அவருடைய கையெழுத்தில், ஏதோ ஒரு தாலுக்காவில் ஏதோ ஒரு காகிதம் எத்தனை நாள் எந்த மேஜையில் கிடந்தது என்ற விவரம் இருந்தது. இந்த மனிதர் வாழ்நாள் முழுவதும் தாமதத்தைத்தான் படித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்து, அவருடைய நேரம் எங்கே போகிறது என்று தான் ஒரு தடவையும் கேட்டதில்லை என்றும் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை அவர் சிவப்பு மையைத் திறந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏன்னா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு. ரெண்டு நிமிஷம்."

"நீங்க இந்தப் புஸ்தகம் எழுதறேளே, அந்த நேரத்தை எந்த வரியில எழுதறேள்?"

அவர் பேனாவை நிறுத்தினார். "அது வேலைக்குள்ள வராது."

"தினம் வரதெல்லாத்துக்கும் பேர் வைக்கணும்னேளே. இதுவும் தினம்தானே வரது?"

"ஏதோ கொஞ்ச நேரம்."

"கார்த்தாலே அரை மணி. சாயங்காலம் கூட்டறதுக்கு அம்பது நிமிஷம். நானும் கடியாரம் பாத்துண்டுதான் இருக்கேன்."

அரை மணியும் ஐம்பது நிமிஷமும் சேர்ந்தால் ஒரு மணி இருபது. அவர் பக்கத்தின் கடைசி வரியில் ஒவ்வொரு நாளும், ஒரு நாள் விடாமல், 'பகவத் தியானம்: 1.20' என்று இருந்தது. பூஜை அறையைத் தினம் மெழுகித் துடைக்கிறவளுக்குத் தெரியும், உள்ளே யார் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள் என்று. கூட்டல் இருபத்துநாலுக்கு எட்டாதபோது, மீதியை அவர் பெருமாள் கணக்கில் போட்டு வந்திருக்கிறார். அதைப் பொய் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். மீதி எப்போதும் பெருமாளுடையதுதானே.

அவள் விரலை அங்கே வைக்கவில்லை. பார்வையை மட்டும் வைத்தாள். அது எங்கே இருக்கிறது என்பதை அவர் பார்த்தார்.

பிறகு பேச்சே இல்லை. சுவர்க் கடிகாரம் இருக்கிற வீட்டில் மௌனத்தை அளப்பது சுலபம். ஏழு நிமிஷம். அவருக்கு அது எப்படிப் போயிற்றோ தெரியாது. பாகீரதிக்கு, கல்யாணமான நாளிலிருந்து அவரோடு உட்கார்ந்து அனுபவித்த மிக நல்ல ஏழு நிமிஷமாக இருந்தது.

"உன் பாதியை இனிமே நீயே எழுதிடு," என்றார் கடைசியில், தலை நிமிராமல். "நேக்கு வேலை ஜாஸ்தியா இருக்கு."

"மேல்பார்வை?"

"கல்லுதான் சரியாயிடுத்தே."

திங்கட்கிழமை காலை அவள் தன் பாதியில் வரப்போகிற ஞாயிறு வரைக்குமான ஏழு நாளையும் ஒரே மூச்சில் எழுதி முடித்தாள். ஏழிலும் 'அரைத்தல்: 1.40.' முப்பத்தெட்டில் அரைத்ததைத் தன் கண்ணால் பார்த்தவர் அந்த எண்ணைப் பார்த்தார், கடந்து போனார். ஞாயிறன்று சராசரியைச் சிவப்பு மையில் எழுதிவிட்டு, "ஏழு நாளும் ஒரே மாதிரி. இப்படித்தான் இருக்கணும்," என்றார். குரலில் உண்மையான பாராட்டு இருந்தது.

தை மாதத்தில் ஒரு கல்யாணத்துக்காக இருவரும் இரண்டு நாள் மைசூருக்குப் போனார்கள். புத்தகம் ஜோகுபாளையத்திலேயே அலமாரியில் இருந்தது. அவர் இரண்டு நாளும் சம்பந்திகளோடு சீட்டாடினார். அவள் ஆட்டுக்கல்லைக் கண்ணாலும் பார்க்கவில்லை. திரும்பி வந்த காலையில் அவர் விட்டுப்போன இரண்டு பக்கங்களை ஞாபகத்திலிருந்து நிரப்பினார். பகவத் தியானம், 1.20. பகவத் தியானம், 1.20. வலது பாதியில் அவள் முன்கூட்டியே எழுதிவைத்திருந்த இரண்டு அரைத்தல்களுக்கும் சிவப்பு மையில் டிக் போட்டார்.

அன்று அவள் எதையும் ஊறப்போடவில்லை. ஒன்று பத்துக்கு அவர் படுத்ததும் கொட்டகைக்குப் போய், காய்ந்திருந்த குழவியில் சாய்ந்துகொண்டு, ஜோசஃபின் கொடுத்த புதிய நாவலைத் திறந்தாள். சாயங்காலம் உப்புமாவைச் சாப்பிட்டுவிட்டு, அவர் அன்றைய அரைத்தலுக்கும் டிக் போட்டார்.