மூன்று மணி நேரக் கோடு

கத்தியின் முனை அரை விரல் உள்ளே போனது. கான்கிரீட்டுக்குள் கத்தி போகுமா? போனது. என் பட்டறையின் எந்திரச் சுத்தியலுக்காக வார்த்த அடித்தளத்தின் பாதி உயரத்தில், அரைஞாண் கட்டியதுபோல் சுற்றிலும் ஒரு கோடு. மேலே சிமெண்ட் பால் பூசி மறைத்திருந்தான் ஒப்பந்தக்காரன் வுகாஷின்.

"இது என்னடா?"

"அச்சுப் பலகைத் தழும்பு, ஸ்ரெட்டன் அண்ணே. அழகுக்குன்னு வெச்சுக்கோயேன்."

எனக்குக் காது மடல் எரிந்தது. மூன்று டன் சுத்தியல் நிமிடத்துக்கு எண்பது தடவை இரும்பை அடிக்கப்போகும் இடம் இது. ஒவ்வொரு அடியும் அந்தக் கோட்டில்தான் போய் இறங்கும். ஒரே வருஷத்தில் மேல் பாதி தனியே ஆடும். பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். இவனோ என் ஒப்புதல் கையெழுத்துக்குப் பேனாவை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

"ஒரே மூச்சுல ஊத்தணும்னு பொறியாளர் அம்மா எழுதிக் கொடுத்தாங்களே, நடுவுல நிறுத்தினியா?"

"கொஞ்சம் மூச்சு விட்டோம். நூறு வருஷம் நிக்கும் அண்ணே, எங்கம்மா மேல சத்தியம்."

"உங்கம்மாவையே கூட்டிட்டு வா. சுத்தியல் ஓடறப்ப இதுமேல உக்காரட்டும்."

பக்கத்தில் நின்ற பொறியாளர் டெசாங்கா கான்கிரீட் லாரிகளின் சீட்டுகளைப் புரட்டினாள். "நாலாவது லாரிக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல மூணு மணி நேரம். மே ஆறாம் தேதி, மத்தியானம்."

மே ஆறு. புனித ஜார்ஜ் நாள். எங்கள் வீட்டு ஸ்லாவா; இந்த ஊரில் வீட்டுக்கு ஒரு புனிதர், அவருக்கொரு விருந்து நாள்.

வுகாஷின் தொப்பியைக் கழற்றினான். "உங்க வீட்டுப் பந்தியிலேர்ந்து மூணு தடவை எழுந்தோம். மூணு தடவையும் தோளைப் பிடிச்சு அமுக்கினது யாரு? 'ஆட்டுக்கறி ஆறுது, உக்காருங்கடா'ன்னது யாரு?"

குடும்பப் புனிதரின் விருந்துக்கு எவரையும் அழைப்பதில்லை. வந்தவனை ஏன் வந்தாய் என்று கேட்பதுமில்லை. அன்று சிமெண்ட் அப்பிய பூட்ஸோடு வுகாஷினும் ஆட்களுமாக எட்டுப் பேர் வாசலில் நின்றதைப் பார்த்தேன். வேலை முடிந்ததா என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு ரக்கியா சாராயம் ஊற்றினேன்.

"நீயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா!"

"விருந்துல உக்காந்து வேலைப் பேச்சா? உங்க வீட்டம்மா கரண்டியாலயே போட்டிருப்பாங்க."

"ரெண்டு பேரும் எவ்வளவு கத்தினாலும் கோடு போகாது. முழுசா உடைச்சுட்டு மறுபடி ஊத்துங்க" என்றாள் டெசாங்கா.

ஒப்புதல் தாளைக் கிழித்தேன். வுகாஷின் இரண்டு உடைப்பு எந்திரங்களைக் கொண்டுவந்து, கேட்காமலே ஒன்றை என் கையில் திணித்தான். கோபத்தில் அதை வாங்கிக்கொண்டேன்.

"மறுபடி என்னிக்கு ஊத்தறே?"

"உன் வீட்ல, என் வீட்ல, எவன் வீட்லயும் விருந்து இல்லாத நாள்ல."

"அப்படி ஒரு நாள் இந்த ஊர்ல எங்கடா இருக்கு!" என்று கத்திக்கொண்டே விசையை அழுத்தினேன்.