பெட்டியை அடுக்கியது யார்

சுருட்டி வைத்திருந்த கம்பளி சாக்ஸை விமான நிலையச் சுங்க அதிகாரி பிரித்ததும் மாத்திரை அட்டைகள் மேசைமேல் பொத்துபொத்தென்று விழுந்தன. அவள் வேடிக்கை பார்த்தாள். அடுத்த மேசையில் யாருக்கோ நடப்பதை எட்டிப் பார்ப்பது போலத்தான் அந்த நொடி இருந்தது. அதிகாரி இன்னொரு ஜோடியைப் பிரித்தார். அதிலும் இருந்தன. அதற்கடுத்ததிலும். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சாக்ஸ் அவளுடையது. பெட்டி அவளுடையது. “பெட்டியை நீங்களேதான் அடுக்கினீர்களா?” என்று சற்றுமுன் கேட்டபோது பளிச்சென்று “ஆமாம்” சொன்ன வாயும் அவளுடையதுதான்.

அப்படிச் சொல்லச் சொல்லிக் கொடுத்ததே அண்ணன். பெரியம்மா மகன். குடும்பத்திலேயே முதன்முதலாக விமானம் ஏறியவன், இதே ஊரில் படிக்க வந்தவன். அவளுக்கும் இங்கே இடம் கிடைத்த நாளிலிருந்து விடாமல் குரல்பதிவு அனுப்பிக்கொண்டிருந்தான். “சர்டிபிகேட்டெல்லாம் கைப்பையில வை. பெட்டி தொலைஞ்சா துணிதான் போகணும், படிப்பு போகக்கூடாது.” “ரூமை நேர்ல பாக்காம எவனுக்கும் அட்வான்ஸ் அனுப்பாத.” “டாக்டர் சீட்டு இல்லாம ஒரு மாத்திரைகூட எடுத்துட்டு வராத.” “கால்ல விழுந்து கெஞ்சினாலும் அடுத்தவங்க பார்சலை வாங்காத.” “ஆபீசர் கேட்டா ஒரு வார்த்தையில பதில் சொல்லு. கதை சொல்ல ஆரம்பிச்சே, மாட்டினே.” தோழிகள் இதற்கு அண்ணன் புராணம் என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவள் அதில் ஒரு வரியைக்கூட மீறவில்லை. மகளிடம் கொடுக்கச் சொல்லித் துணிப் பார்சலோடு வந்த எதிர்வீட்டு அக்காவை முகத்துக்கு நேரே மறுத்து அனுப்பினாள். அந்த அக்கா வழியனுப்பக்கூட வரவில்லை.

அதிகாரி அட்டையில் இருந்த பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்தார். கடுமையான வலிக்குக் கொடுக்கும் மாத்திரை, பழகிவிட்டால் விடாது, மருத்துவர் சீட்டில்லாமல் நாட்டுக்குள் வரக்கூடாதது என்றார். குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

“நான் வைக்கவில்லை” என்றாள்.

“நீங்கள்தான் அடுக்கியதாகச் சொன்னீர்களே.”

வீட்டுக்குப் பேசிக் கேட்டுச் சொல்கிறேன் என்று எப்படியோ சொல்லி முடித்தாள். என் முன்னாலேயே பேசுங்கள் என்று அவர் மேசைமேல் இருந்த அவளுடைய போனை அவள் பக்கம் நகர்த்தினார். அவருக்கு இவள் மொழி தெரியாது. முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இறங்கிட்டியா குட்டி? ரொம்பக் குளிருதா?” அம்மாவின் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

“அம்மா, சாக்ஸுக்குள்ள என்ன வச்சே?”

“அதுவா...” அம்மா இழுத்தாள். “அண்ணனுக்கு முதுகுவலியாம்டி. அங்க டாக்டரைப் பாக்கவே மாசக்கணக்குல ஆகுதாம். பெரியம்மா ஒரே அழுகை. உன்கிட்ட சொன்னா பயந்துக்குவே, சொல்லாம வை சித்தின்னு அவன்தான் சொன்னான்.”

“அண்ணனா?”

“நசுங்காம இருக்கணும்னா சாக்ஸுக்குள்ள வைன்னு அவன்தானே சொல்லிக் கொடுத்தான். ஏன்டி, உடைஞ்சிருச்சா?”

அவள் போனை வைத்துவிட்டாள். தூங்கப் போகும்முன் காதில் வைத்துக் கேட்ட அதே குரல், இன்னொரு போனில் அம்மாவுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அதை நினைக்க நினைக்கக் காது கூசியது. அண்ணனை அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தான். வெளியே காத்திருந்தான்.

“அண்ணா, பெட்டியைத் திறந்துட்டாங்க.”

“என் பேரைச் சொன்னியா?”

“இன்னும் இல்ல.”

“சொல்லாத. உனக்குத்தான் முதுகுவலின்னு சொல்லு. நீ புதுசு, தெரியாமக் கொண்டுவந்துட்டேன்னு விட்டுடுவாங்க. என் விசா போயிடும் குட்டி.” அதே நிதானம், சொல்லிக் கொடுக்கிற அதே தொனி. போன் துண்டிக்கப்பட்டது.

“என்ன சொன்னார்?” என்றார் அதிகாரி.

ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வேண்டும். எந்த வார்த்தையைச் சொன்னாலும் யாரோ ஒருவர் தலையில் விழும். பெரியம்மாவின் முகம் வந்தது. அவளை அனுப்புவதற்காக அப்பா ஏறி இறங்கிய படிகள் வந்தன. அதிகாரியின் கைக்கடியில் அவளுடைய பாஸ்போர்ட் இருந்தது.

“அம்மா வைத்தார்கள். அண்ணனுக்காக. அவன் வெளியே நிற்கிறான்” என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் அழுகை வந்தது.

அவர் பெயரைக் கேட்டார். எழுத்தெழுத்தாகச் சொன்னாள். மாத்திரைகளை ஒரு பையில் போட்டு ஒட்டிவிட்டு, கலைந்த துணிகளைப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னார். ஆளைக் காட்டினால் போதும், நீங்கள் இங்கே படிக்கப் போகிறீர்களா திரும்பிப் போகிறீர்களா என்பதை அதற்கப்புறம் பேசலாம் என்றார். பாஸ்போர்ட் அவர் சட்டைப்பைக்குள் போனது. அவள் முன்னால் நடந்தாள். அவர் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் வந்தார்.

கண்ணாடிக் கதவு விலகியது. தடுப்புக் கம்பிக்கு அந்தப்புறம் வரிசையாக முகங்கள். அண்ணனைத் தேடினாள். காணவில்லை. ஓடிவிட்டான் என்று நினைத்தபோது மனசு ஒருகணம் லேசாகிக்கூடப் போனது. “குட்டி” என்று பக்கத்திலேயே ஒரு குரல். திரும்பிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கன்னம் ஒட்டி, கண்ணைச் சுற்றிக் கருத்து, யாரோ பெரிய ஆளின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டது போல ஒருவன். குரல் மட்டும் அண்ணனுடையது. ஒரு வருஷமாகக் குரல்தான் வந்துகொண்டிருந்தது, முகத்தைக் காட்டவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“விட்டுட்டாங்களா?” என்றான். கேட்டது அவளைப் பார்த்து அல்ல. பெட்டியைப் பார்த்து.

அங்கேயே தரையில் மண்டியிட்டு ஜிப்பை இழுத்தான். அவளுடைய சட்டைகள், உள்ளாடைகள், துண்டு எல்லாம் வழவழத்த தரையில் வந்து விழுந்தன. வண்டி தள்ளிக்கொண்டு வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். சாக்ஸ் ஒவ்வொன்றாக உதறினான். “ஒரு அட்டைகூட விடலையா? ஒண்ணுகூடவா?”

திட்டுவதற்கென்று அவள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. அவனுக்கு எதிரே உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். கட்டைவிரலும் நடுவிரலும் ஒன்றையொன்று தாண்டிப் போயின. அவன் மறு கையால் உதறிக்கொண்டே இருந்தான். சிதறிக் கிடந்த துணிகளின் ஓரத்தில் ஒரு ஜோடிக் கறுப்பு ஷூக்கள் வந்து நின்றன. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிடித்த கையையும் விடவில்லை.