வெங்காயத் தாள்

நுரைச்சோலையில் வெங்காயம் பிடுங்கி முடிந்ததும் தோட்டத்து மூலைகளில் தாள்கள் குவிந்து காயும். பிறகு யாராவது தீ வைப்பார்கள். அந்த வருடம் தங்கள் குவியலுக்கு மட்டும் தீ வைக்க வேண்டாம் என்று கணவன் ஜவ்பரிடம் சொல்லிவிட்டாள் ஷஃபீனா. அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள்.

"அதுக்குள்ள நார் ஈக்கி. பிள்ளைகள்ட கொப்பித் தாளும் அதே மாதிரி நார்தான்."

"அத எடுத்து என்ன செய்யப் போறாய்?"

"பாத்தியில விரிக்கிற கறுப்புப் பொலித்தீனுக்குப் பதிலா இதுல கடதாசி செஞ்சி விரிப்பம். உக்கி மண்ணோட போயிரும்."

ஜவ்பர் சிரித்தான். ஆனாலும் கல்யாண வீட்டுக் கிடாரம் ஒன்றை இரவல் வாங்கி வந்து அடுப்பில் ஏற்றிக் கொடுத்தான்.

மூன்று கிழமை, பள்ளி விட்டு வந்த பின்னேரங்களில் எல்லாம் சலவைச் சோடாவோடு தாள்களை அவித்தாள். கறுத்த தண்ணீரை வடித்து, திரும்பத் திரும்ப அலசி, உரலில் இடித்தாள். கடைசியில் தயிர் போல ஒரு மங்கிய கூழ் மிஞ்சியது. அதைத் தண்ணீரில் கலக்கி, நுளம்பு வலை அடித்த சட்டத்தால் அள்ளினால், நீர் ஒழுகி நார் மட்டும் வலையில் படிந்து நின்றது.

காய்ந்த முதல் தாளை வெயிலுக்கு எதிரே பிடித்தாள். வெளிச்சம் அதற்குள் தேன் போல ஊறிக் கிடந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. உள்ளே சோறு அடிப்பிடித்த வாசம் வந்தபிறகுதான் கையை இறக்கினாள்.

அறுபது தாள்கள் சேர்ந்தன. நாற்பதை மிளகாய்ப் பாத்திகளில் விரித்து, ஓரங்களுக்கு மண் போட்டார்கள்.

மறுநாள் விடியலில் சுபஹுத் தொழுதுவிட்டுத் தோட்டத்துக்குப் போனாள். களப்புத் தண்ணீரிலிருந்து வந்த பனி தரையோடு மிதந்தது. பனி எது, தாள் எது என்று தெரியவில்லை. அந்த வெண்மைக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஐந்து கழுதைகள் தலை குனிந்து, சத்தமில்லாமல் மென்றுகொண்டிருந்தன. ஒரு குட்டி தாளின் ஓரத்தைக் கவ்வியபடியே நிமிர்ந்து அவளைப் பார்த்தது. கனவில் நிற்பவள் போல அவளும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜவ்பர் கம்போடு ஓடி வந்தான். "எல்லாத்தயும் தின்னுட்டு! வெரட்டாம பாத்துட்டு நிக்கிறியே!"

"அதுகளுக்கு நல்லா ருசிச்சிருக்கு போல," என்றாள். சொல்லி முடிக்குமுன் அழுகை வந்துவிட்டது.

சத்தம் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்து ஷிம்லா வந்தாள். ஷஃபீனாவை வீட்டுக்குக் கூட்டிப் போனவளின் கண்ணில், கொடியில் கிடந்த மிச்சத் தாள்கள் பட்டன. ஒன்றைத் தடவிப் பார்த்தாள், இழுத்தும் பார்த்தாள்.

"ராத்தா, இதுல பை ஒட்டித் தருவீங்களா? என்ட மாதுளங்காயெல்லாம் பூச்சி ஓட்ட போடுது. எனக்குக் கம்பி வேலி ஈக்கி, கழுத வராது."

மரவள்ளி மாவில் பசை காய்ச்சி, மிச்ச இருபது தாளையும் பாதி பாதியாக வெட்டி, இருவருமாக நாற்பது பைகள் ஒட்டினார்கள். காய்க்கு ஒன்றாக மாட்டி, காம்பில் நூலால் கட்டினார்கள். கடல் காற்று ஒன்பது பைகளைக் கிழித்தது. மற்றவை நின்றன.

பின்னேர வெயில் சரிந்ததும் ஒவ்வொரு பையும் உள்ளிருந்து சிவக்கும். அதற்குள் காய்கள் உறங்குவது போலத் தெரியும். பாலாவிக்குப் போகிற பஸ் கூட அவ்விடத்தில் மெதுவாகப் போனது. "வெசாக்குக்கு இன்னும் நாள் ஈக்கே, இப்பவே வெளிச்சக் கூடு கட்டிட்டீங்களா?" என்று கேட்டு ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். ஷஃபீனா பள்ளியிலிருந்து வரும்போது ஒவ்வொரு நாளும் அந்த மரங்களுக்குள் புகுந்து, எதற்கு வந்தோம் என்பதையும் மறந்து நடப்பாள்.

பழம் பறித்த நாளில் ஷிம்லாதான் முதல் பையைப் பிரித்தாள். தோலில் ஒரு புள்ளி இல்லை. பிளந்து பாதியை நீட்டினாள்.

"அடுத்த தரம் முந்நூறு பை வேணும் ராத்தா. மரவள்ளி மா நான் தாறன்."

ஷஃபீனா முத்துகளை வாயிலிட்டாள். சாறு மணிக்கட்டு வழியே ஓடி முழங்கையில் சொட்டியது. துடைக்கத் தோன்றவில்லை.

"ஓம், ஒட்டுவம்," என்றாள்.