ஆட்டாத தொட்டில்

படப்பிடிப்புக்கு இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. புருல்ச்சாவின் பட்டியலில் மொத்தம் நாற்பத்தொரு சாமான்கள். மூக்குடைந்த தேநீர்க் கெண்டியிலிருந்து குதிரைச் சேணம் வரை நாற்பதை அட்-பாஷி என்ற அந்த மலையூரில் வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்துவிட்டாள். பத்து வருடம் யார் யாருக்கோ உதவியாளாக மாடாய் உழைத்தவளுக்கு, சாமான் பொறுப்பு முழுக்கக் கைக்கு வந்த முதல் படம் இது.

நாற்பத்தொன்றாவது, தொட்டில். அது படம் எடுக்கப்போகும் வீட்டிலேயே இருந்தது. வளைந்த கால்கள் தரையில் ஊன்றி ஆடுகிற பழைய மரத்தொட்டில். வீட்டுக்காரி சாய்கலுக்கு ஐம்பது வயதிருக்கும். அவளுடைய ஐந்து பிள்ளைகளும் அதில் கிடந்து வளர்ந்தவர்கள்தான்.

"தர்றேன். ஆனா வெறுந்தொட்டிலை யாரும் ஆட்டக்கூடாது, சொல்லிட்டேன்."

"எனக்குத் தெரியாதாக்கா? நானும் இந்த நாரின் பக்கத்துக்காரிதான்."

"உனக்கு எத்தனை பிள்ளைங்க?"

"இன்னும் இல்லக்கா."

அடுப்பில் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. வாடை தாங்காமல் புருல்ச்சா மூக்கைப் பொத்தினாள். சாய்கல் அதைப் பார்த்தாள், பானையை மூடினாள்.

மூன்று மாதம். புருஷனைத் தவிர யாருக்கும் தெரியாது. இதற்கு முன் இரண்டு முறை இதே மூன்றாம் மாதத்தில்தான் கைநழுவிப் போனது. அடுத்த வாரம் படக்குழு மலைக்கணவாய்க்கு ஏறுகிறது. விஷயம் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று வாயைத் திறக்காமல் இருந்தாள்.

வெறுந்தொட்டிலை ஆட்டினால் வரவேண்டிய குழந்தை வராது என்பார்கள் அந்தப் பக்கத்தில். புருல்ச்சா படித்தவள்தான். ஆனால் முப்பத்தாறு வயதில் மூன்றாவது முறையாக நாளை எண்ணிக்கொண்டிருப்பவளிடம் போய் இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? எனக்கு வராது.

படத்தில் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாய் வெறுந்தொட்டிலை ஆட்டுகிறாள். புருல்ச்சா இதற்கும் வழி வைத்திருந்தாள். விரிப்புக்கடியில் ஒரு மாவுப் பொட்டலம் வைத்துவிட்டால் அது வெறுந்தொட்டில் ஆகாது. ஆட்டப்போவது நடிகை, தான் அந்த நேரம் வெளியே போய்விடலாம்.

மதியம் டைரக்டர் பெர்மெட் வந்ததும் அத்தனை ஏற்பாடும் கவிழ்ந்தது. பெர்மெட்டுக்கு இருபத்தாறு வயது. தலைநகர் பிஷ்கெக்கில் வளர்ந்தவள், முதல் படம், ஒரு வாரமாக ஒழுங்கான தூக்கமில்லை.

"அக்கா, நடிகை காலைலதான் வர்றாங்க. கேமரா டிராலி ஓட்டம் இன்னிக்கே பார்த்தாகணும். அவங்க இடத்துல நீங்க உக்காருங்க."

"தொட்டில் கால் கிறீச்சுங்குது. எண்ணெய் போட்டுட்டு..."

"சத்தத்தையா இப்ப பதிவு பண்றோம்? உக்காருங்கக்கா."

"குழந்தையைக் கட்டற கயிறு வேற இத்துப்போச்சு, மாத்தணும்."

கேமராமேன் துர்துபெக் டிராலியிலிருந்து எட்டிப் பார்த்தார். அறுபதை நெருங்கியவர். "என்ன தங்கச்சி, தொட்டிலைக் கண்டா ஓநாயைக் கண்ட மாதிரி பின்னாலயே போறே?"

பெர்மெட் மானிட்டரில் கண்ணை வைத்தாள். "உள்ளே என்ன புடைச்சிட்டு நிக்குது?" எழுந்துபோய் விரிப்பைத் தூக்கினாள். "மாவா? ரொட்டியா சுடப்போறோம்?" துர்துபெக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பெர்மெட் பொட்டலத்தை ஜன்னலோரம் வைத்தாள். "காலியா இருந்தா காலியாத் தெரியணும்க்கா."

"வீட்டுக்காரங்க ஆட்டக்கூடாதுன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க."

"அவங்க இப்ப இங்கயா இருக்காங்க? ரெண்டே நிமிஷம். வெளிச்சம் போயிட்டே இருக்கு."

டிராலி நகர்ந்தது. புருல்ச்சா கையை நீட்டினாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சும்மா தொட்டு நகர்த்திவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தாள். மரத்துக்கு ஒரு விரல் தூரத்தில் கை நின்றுவிட்டது. அவள் கையை முன்னே தள்ளிப் பார்த்தாள், போகவில்லை. மற்றொரு கை தானாக வந்து நீட்டிய கையைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டது.

"மறுபடியும் போலாமாக்கா?"

"முடியாது."

"ஏன்?"

"எனக்கு மூணு மாசம், பெர்மெட்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "ரெண்டு தடவை போயிடுச்சு. இந்தத் தடவையும் போச்சுன்னா நான் தாங்கமாட்டேன். வேலையை விட்டு அனுப்புறதுன்னா அனுப்பிடு. வெறுந்தொட்டிலை ஆட்டினா வர்ற குழந்தை வராதும்பாங்க, இதை மட்டும் ஆட்டச் சொல்லாதே."

துர்துபெக் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். கிண்டல் பண்ணியதற்கு அவருக்கு வெட்கமாக இருந்தது.

பெர்மெட் பதிவானதை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். நீளும் கை, நிற்கும் கை, பிடித்து இழுக்கும் இன்னொரு கை. மூன்று முறை பார்த்தாள். பிறகு கதைத்தாளை எடுத்து, இரண்டு வருடமாகத் தானே எழுதி எழுதித் திருத்திய, தொட்டில் ஆட்டும் வரியை அடித்துவிட்டாள்.

"நான் ஒரு மக்கு. நம்ம படத்து அம்மா மட்டும் எப்படி ஆட்டுவா? அவளுக்கும் இன்னொரு குழந்தை வேணும்ல? ஆட்டமாட்டா. கை இப்படித்தான் நிக்கும்."

"அதைத்தான் நானும் பார்த்தேன்," என்றார் துர்துபெக்.

பெர்மெட் புருல்ச்சாவின் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். "கணவாய்க்கு நீங்க ஏறவேண்டாம். எது எங்கேன்னு பட்டியல் எழுதிக் கொடுங்க, மத்ததைப் போன்ல கேட்டுக்கறேன். பொறுப்பு உங்களோடதுதான், படத்துல பேரும் உங்க பேருதான். காலைல நடிகைக்கு மட்டும் இந்தக் கையைக் காட்டிக் கொடுத்துடுங்கக்கா."

புருல்ச்சா கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றாள்.

தேநீரோடு உள்ளே வந்த சாய்கல், ஜன்னலோரத்து மாவுப் பொட்டலத்தையும் புருல்ச்சாவின் முகத்தையும் பார்த்தாள். "ஆட்டினீங்களா?"

"இல்லக்கா."

சாய்கல் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தாள். மாவுப் பொட்டலத்தை எடுத்துத் தொட்டிலுக்குள் திரும்ப வைத்து, மேலே விரிப்பை இழுத்துவிட்டாள்.

"படம் முடிஞ்சதும் இது இங்கயே இருக்கட்டும். இப்பவே உன் வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது, ஆகாது. மூத்தவ மகளுக்குன்னு வச்சிருந்தேன், அவ வேற பார்த்துக்குவா." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வசந்தத்துல குழந்தை பொறந்ததும் இதை எடுத்துட்டுப் போக உன் புருஷனை அனுப்பு."