கல்திருப்பியின் இன்னொரு கால்

கண்ணாடிக் கடைக்காரிக்கு முட்டி வலி. தினமும் நாற்பது நிமிடம் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். தெருவில் நடந்தால் எதிரே வருகிறவர்களெல்லாம் நிறுத்தித் தங்கள் கண்ணைப் பற்றிக் கேட்டார்கள். அதனால் கடலோரமாகப் போகும் நடைபாதையைப் பிடித்தாள். ஒரு பக்கம் கம்பி வேலி, மறு பக்கம் அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள், நடுவே இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற அகலம்.

இரண்டாவது ஆளாக வந்து சேர்ந்தவள் அவளுடைய நாத்தனார். கணவனுக்கு அக்கா. முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள், மூன்று மாதம் தம்பி வீட்டில் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தாள். இருவருக்கும் சண்டை என்று சொல்ல முடியாது. ஒருத்தி ஜன்னலைத் திறந்தால் மற்றவள் சாத்துவாள், அவ்வளவுதான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது போல நடுவில் மாட்டிக்கொண்ட தம்பி, ஒரு நாள் காலை இருவரையும் சேர்த்து நடக்க அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டான்.

மூன்றாம் நாள் கருங்கற்களின் மேல் ஒரு பறவைக்கூட்டம் உட்கார்ந்திருந்தது. புறா அளவுகூட இல்லை. முதுகு பழுப்பு, வயிறு வெள்ளை, குட்டையான ஆரஞ்சு நிறக் கால்கள். நாத்தனார் ஒரே பார்வையில் இருபத்திமூன்று என்றாள். கண்ணாடிக் கடைக்காரி விரல் நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினாள். இருபத்திமூன்றுதான். விரலை மடக்கிக்கொண்டு நடந்தாள்.

"அதுல ஒண்ணு நொண்டி," என்றாள் நாத்தனார்.

கடைசிக் கல்லில் ஒரு பறவை ஒற்றைக் காலில் நின்றது. காலை மடக்கி இறகுக்குள் வைத்திருக்கும் என்று கண்ணாடிக் கடைக்காரி சொல்லி வாய் மூடவில்லை, ஓர் அலை கல்லை நனைத்தது. பறவை அந்த ஒற்றைக் காலாலேயே தத்தித் தத்தி அடுத்த கல்லுக்கு ஏறிக்கொண்டது. இன்னொரு கால் வெளியே வரவே இல்லை. நாத்தனார் அவளைத் திரும்பிப் பார்த்தாள். வாயால் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்று முழுக்க ஃபிரேமில் லென்ஸ் பொருத்தும்போதெல்லாம் அந்தப் பறவைதான் கண்ணில் நின்றது. இரவு இருவரும் ஒரே நேரத்தில் கதையைச் சொல்ல, கணவன் கேட்டுவிட்டு, ஒற்றைக் காலில் நிற்பது இந்த வீட்டுப் பெண்களுக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்திருந்ததாகச் சொன்னான். இருவரும் சேர்ந்து அவனை முறைத்தார்கள். அவர்கள் ஒரு பக்கம் நின்றது அதுதான் முதல் தடவை.

மூக்குப்பிடி உடைந்த கண்ணாடியோடு கடைக்கு வந்த விலங்கியல் டீச்சர் பெயரைச் சொன்னாள்: கல்திருப்பி. கல்லையும் கடற்பாசியையும் அலகால் புரட்டி, அடியில் இருப்பதைத் தின்னும். ஓய்வாக இருக்கும்போது ஒரு காலைக் கதகதப்பாக மடக்கி வைத்துக்கொள்ளும், சோம்பல்பட்டால் அப்படியே தத்தும். நிஜமாகவே கால் போன பறவைகளும் உண்டு. "இரை தேடுறப்போ பாருங்க, அப்பதான் தெரியும்," என்றாள்.

கடை அலமாரியில் நாலு வருடமாக விலை போகாமல் கிடந்த தொலைநோக்கியைக் கண்ணாடிக் கடைக்காரி தூசி தட்டி எடுத்தாள். நேரம் பார்க்கிற பொறுப்பை நாத்தனார் எடுத்துக்கொண்டாள். தண்ணீர் ஏறியிருக்கும்போது பறவைகள் தூங்கும், இறங்கினால்தான் சாப்பாடு. நாலு நாள் குறித்துப் பார்த்ததில் ஏற்றம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளி வருவது தெரிந்தது.

"நாங்க இப்படி வண்டி ஓட்டியிருந்தா மெமோ குடுத்திருப்பாங்க," என்றாள் நாத்தனார்.

கடை விடுமுறை நாளில், தண்ணீர் இறங்கத் தொடங்கும் நேரத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். கற்களுக்குக் கீழே ஈரமணல் ஓரடி, ஈரடியாக வெளியே வந்தது. பறவைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசிக் கல்லின் பறவை மட்டும் அசையவில்லை. கண்ணாடிக் கடைக்காரிக்குக் கழுத்து வலித்தது. நாத்தனார் அவள் கையிலிருந்து தொலைநோக்கியை வாங்கிக்கொண்ட சிறிது நேரத்தில் மெல்லச் சொன்னாள்:

"ஏம்மா, இருக்கு. இன்னொரு கால் இருக்கு. அதுல ஏதோ கட்டியிருக்கு. என்ன அது, டிக்கெட்டா?"

ஜெயித்த சந்தோஷத்தைக் கொண்டாடக்கூடக் கண்ணாடிக் கடைக்காரிக்கு நேரமில்லை. மடக்கியிருந்த காலில், முட்டிக்கு மேலே, நகத்தளவு வெள்ளைப் பட்டை. அதில் எழுத்துகள். படிப்பதற்குள் பறவை பாசிக்குள் புகுந்துவிட்டது.

அதற்குப் பிறகு இருவருக்கும் வேறு பேச்சே இல்லை. மொத்தம் மூன்று எழுத்து. நாத்தனார் முதல் எழுத்து P என்றாள், மறுநாள் R என்றாள். தூரத்தில் எந்த எழுத்து எதுவாகத் தெரியும் என்பதைக் கண்ணாடிக் கடைக்காரி இருபது வருடமாக அறிவாள். ஒருவர் சத்தமாகப் படித்தால் அடுத்தவர் கண்ணுக்கும் அதேதான் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"அண்ணி, இனிமே வாயைத் திறக்கக் கூடாது. நீங்க பாத்ததை நீங்க எழுதுங்க, நான் பாத்ததை நான் எழுதறேன்."

ஆளுக்கொரு காகிதம். முதல் நாள் ஓரெழுத்துதான் ஒத்துப்போனது, மறுநாள் இரண்டு. மூன்றாம் நாள் பறவை பாதையிலிருந்து பத்தடியில் ஒரு சிப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தது. இருவரும் எழுதிவிட்டுக் காகிதத்தை மாற்றிக்கொண்டார்கள். இரண்டிலும் R8K.

பறவைகளுக்குப் பட்டை கட்டி ஆராய்கிறவர்களின் முகவரி என்று டீச்சர் தந்ததற்குக் கடையிலிருந்து மின்னஞ்சல் போனது. ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. ஏழு வருடத்துக்கு முன் வடக்கே ஒரு தீவில் கட்டிய பட்டை அது. அப்போதே அது வளர்ந்த பறவை. நாலு வருடமாக யார் கண்ணிலும் படாததால் செத்திருக்கும் என்று எண்ணி விட்டுவிட்டார்களாம்.

நாத்தனார் அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு, அவ்வளவு தூரம் போய் வருகிற பறவைக்கு இந்தக் கல் எப்படி அடையாளம் தெரிகிறது என்று எழுதிக் கேட்கச் சொன்னாள். பதில் மறுநாளே வந்தது. தெரியாது, அதைக் கண்டுபிடிக்கத்தான் பட்டை கட்டுகிறோம். அது உங்கள் கரையை விட்டுக் கிளம்பும் நாளைக் கவனித்துச் சொல்வீர்களா என்று கேட்டிருந்தார்கள். படித்தவர்களுக்கே தெரியாத விஷயம் ஒன்று தன் கண் எதிரே நடக்கிறது என்பதில் நாத்தனாருக்கு ஏக மகிழ்ச்சி. ஊருக்குப் போகும் பேச்சைத் தள்ளிப்போட்டாள். தம்பி தலையில் கை வைத்தான்.

வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் பறவைகளின் முதுகு செம்பழுப்பாக மாறியது. வயிறு உருண்டது. ஒரு மாலை அவை வழக்கத்துக்கு மாறாகக் கத்திக்கொண்டே இருந்தன. தண்ணீர் இறங்கியும் இரை தேட இறங்கவில்லை. திடீரென்று பதினொன்று மட்டும் எழும்பி, கரையை ஒரு சுற்றுச் சுற்றி, மேலே போய் வரிசை கட்டி வடக்கே திரும்பின. R8K நிற்கும் கடைசிக் கல் காலியாக இருந்தது.

கண்ணாடிக் கடைக்காரி நாளையும் மணியையும் எழுதினாள். மிச்சமிருந்த பறவைகள் ஏன் போகவில்லை என்று கேட்டாள். நாத்தனார் தொலைநோக்கியை அவற்றின் பக்கம் திருப்பினாள். இருட்ட இன்னும் நேரமிருந்தது. இருவரும் அங்கேயே உட்கார்ந்து, போகாதவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.