கெர்களின் சோத்தாங்கை

…தலைச்சுழியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் நான், முகம் எதற்கு, அதோ இரட்டைச் சுழி, கூரை வேய்கிற வாட், அவன் முதுகில் ஏறிக்கிடக்கிற சிவப்பு வழுக்கை ரொட்டிக்கடை டாண்ட், காதோரம் மட்டும் நாலு மயிர் நட்டுக்கொண்டு திணறுவது சவப்பெட்டி செய்கிற ராப், மூன்று பேரும் கெர் வம்சம், நானும் கெர், என் பக்கத்தில் உட்கார்ந்து என் வெண்ணெய் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே "போன வருஷம் இன்னும் மொறுமொறுன்னு இருந்துச்சு எல்ஸ்பி" என்கிற சிநேகிதி டிபியும் கெர், தெரு கெர் தெரு, பாலம் கெர் பாலம், சாராயக்கடை கெர் சாராயக்கடை, மலைமேல் இடிந்து நிற்பது கெர் கோட்டை, என் அடுப்பில் எலும்பு சூப்போடு வேகிற உருளைக்கிழங்குக்குக்கூட கெர் பிங்க் என்றுதான் பேர், கெர்ஹோப்பில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை விட்டெறிந்தால் ஒரு கெர் மண்டையில்தான் விழும், எறிந்தவனும் கெர்தான், இடது கையால்தான் எறிந்திருப்பான்… அது கிடக்கட்டும், என்னுடைய கெர் இரண்டு பேரும் எங்கே? மாடி ஜன்னலுக்குக் கீழே இருநூறு ஆம்பிளைகள் ஒரே சதைக்குவியலாக நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள், பிப்ரவரிக் குளிரில் அந்தக் குவியலிலிருந்து சாணக்குழி மாதிரி ஆவி எழும்புகிறது, நடுவில் யார் வயிற்றிலோ அழுந்திக் கிடக்கிறது முஷ்டி அளவுக்கு ஒரு தோல் பந்து, அதற்காக வருஷத்துக்கு ஒரு நாள் கடை ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்துவிட்டு ஒருவன் விலாவை ஒருவன் முறிக்கிறான், அந்தக் காலத்தில் இங்கிலீஷ்காரன் தலையை வெட்டி அதை வைத்து ஆடினார்களாம், டிபியின் மாமனார் அதைப் பெருமையாகச் சொல்லுவார், தலையை வெட்டியது தன் சொந்தப் பாட்டன்தான் என்றும் சொல்லுவார், அவர் வீட்டில் ஒரு கோழியைக்கூடப் பொண்டாட்டிதான் வெட்டுவாள்.

அதோ, நினியன். என் மகன். வைக்கோல் நிறத் தலை, நடுச்சுழி, சுவரோரமாக ஒட்டிக்கொண்டு நகர்கிறான், பந்தில் அவன் கீழூர்க் கட்சி. அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் நடுவில் இன்னும் பத்துப் பன்னிரண்டு தலைகள் இருக்கும், இன்னொரு வாட் அங்கே சாராயக்கடைப் படிக்கட்டுப் பக்கம், கசாப்புக்கடை வாட், என் புருஷன், மேலூர்க்காரர், அறுபது வயதாகிறது, இன்னும் முன்வரிசை கேட்கிறது மனுஷனுக்கு. ஒரே வீட்டில் அப்பன் மேலூர், பிள்ளை கீழூர் என்று எங்கேயாவது உண்டா என்றால் இங்கே உண்டு, வீடு எங்கே இருக்கிறது என்பது இங்கே கணக்கே இல்லை, பிறந்த பிள்ளை முதன்முதலாக எந்தப் பாதை வழியாக ஊருக்குள் வந்தது என்பதுதான் கணக்கு, ஆஸ்பத்திரி வடக்கே இருக்கிறது, நேராக வந்தால் கீழ்ப்பாலம், அதனால் மேலூர்க்கார அப்பன்கள் எல்லாம் பச்சைப்பிள்ளையைக் காரில் வைத்துக்கொண்டு மலையைச் சுற்றித் தெற்குப் பாதையில் வந்து நுழைவார்கள், நினியன் பிறந்தபோது மலையில் பனி மூடிவிட்டது, நான் என்ன செய்ய, தையல் போட்ட உடம்போடு பனியிலா உட்கார்ந்திருக்க முடியும், பாலத்து வழியாகவே போ என்று டிரைவரிடம் சொன்னேன், அவ்வளவுதான், பிள்ளை எதிரியாகிவிட்டான், வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வாட் முகத்தைப் பார்க்கவேண்டுமே, ஏதோ நான் அடுத்த ஊர்க்காரனுக்குப் பெற்றுக்கொண்டு வந்த மாதிரி… அதையாவது மன்னித்தார். மற்றதை மன்னிக்கவில்லை.

மற்றது என்றால் கை. ஊர் உலகத்துக்கு எது பீச்சாங்கையோ அதுதான் எங்களுக்குச் சோத்தாங்கை, கெர் என்றால் இடது கை, இடது கை என்றால் கெர், கோட்டைப் படிக்கட்டைக்கூட எதிர்ப்பக்கம் சுற்றும்படி கட்டியிருக்கிறார்கள், ஏறிவருகிறவனின் தலையை இறங்குகிற கெர் இடது கையால் வசதியாக வெட்டவேண்டும் என்று, வாசல் கொண்டி, கத்தரிக்கோல், கசாப்புக் கத்தியின் சாணை எல்லாமே அந்தப் பக்கம்தான், புதிதாக வந்த பாதிரியார் வலது கையை நீட்டியபோது சபையே அதை ஏதோ செத்த மீனைப் பார்ப்பது போலப் பார்த்தது, பாவம். அப்படிப்பட்ட ஊரில் என் நினியன் ஒரு வயதில் கரண்டியை எட்டிப் பிடித்தான், வலது கையால். வாட் கரண்டியைப் பிடுங்கி இடது கையில் வைத்தார், அவன் மாற்றிக்கொண்டான், வைத்தார், மாற்றிக்கொண்டான், அப்புறம் கறி கட்டுகிற சணல் கயிறு வந்தது, வலது மணிக்கட்டை நாற்காலி முதுகோடு சேர்த்து ஒரு சுற்று, இரண்டு சுற்று, சாப்பாட்டு நேரம் முழுக்க, நாலு வயது வரைக்கும், சில நாள் கை நீலமாகிவிடும், "வெளியே தெரிஞ்சா நம்ம கடையில எவன்டி கறி வாங்குவான்?" என்பார், கறிக்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் அறை விழும், இடது கையால்தான். நினியன் கற்றுக்கொண்டான். இன்றைக்கு அவனை யார் பார்த்தாலும் சுத்தமான கெர் என்பார்கள். இந்த ஊரில் யார் வீட்டில் எந்தப் பாத்திரம் ஓட்டை என்பதுவரை எனக்குத் தெரியும், நானே சொல்லியும் விடுவேன், ஆனால் இந்த ஒன்று டிபிக்குக்கூடத் தெரியாது.

"உன் வீட்டுக்காரரைப் பாரு, கிழட்டுக் காளை மாதிரி முட்டுறாரு," என்கிறாள் டிபி. முட்டட்டும். காலையில் சமையலறையில் இப்படி முட்டியிருந்தால் ஒரு கொலை விழுந்திருக்கும், போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது அப்படி, நினியனின் மகன் ஆர்ச்சி, இன்னும் பால் பல்கூட முழுசாக முளைக்கவில்லை, உருளைக்கிழங்கை எட்டி எடுத்தான், எந்தக் கை, அதே கை, நான் தேநீர் கெட்டிலை எடுக்க அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் வாட் அந்தக் குட்டி மணிக்கட்டில் சணல் சுற்றிக்கொண்டிருக்கிறார், அதே கயிற்று உருண்டை, அதே முடிச்சு, குழந்தை அழக்கூட இல்லை, வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறது, நினியன் கயிற்றை அறுத்தான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இன்று காலை பூட்ஸ் எடுக்க வந்தபோதுதான் பேசினான், குனிந்து கயிறு கட்டிக்கொண்டே, "இனிமே என் பையன் கையைத் தொட்டீங்கன்னா, தொட்ட கை உங்களுக்கு இருக்காது." வாட் சிரித்தார், தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "பந்துல வாடா, பார்ப்போம். வீட்டுல வீரம் பேச ரொம்பப் பேரு இருக்காங்க." அது சாதாரணப் பேச்சு இல்லை. சாராயக்கடையில் அப்பனை அடித்தால் ஊர் காறித் துப்பும், வீட்டில் அடித்தால் போலீஸ் வரும், பந்தில் அடித்தால் யாரும் வாய் திறக்கக்கூடாது, பந்தில் பட்டது பந்தோடு, அன்று சாயங்காலம் அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே மேசையில் குடிக்கவேண்டும், அது எங்கள் வேதம், பாதிரியாரின் வேதத்தைவிட இதைத்தான் மேலாக மதிக்கிறார்கள்… ஆக அப்பன் பிள்ளைக்கு அனுமதிச்சீட்டே கொடுத்துவிட்டார். பிள்ளை வாங்கிக்கொண்டான். நான் நடுவில் நின்று ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

குவியல் நகர்கிறது, ஐயோ, மொத்தமும் சாராயக்கடைச் சுவரில் போய் மோதுகிறது, பலகை உடைகிற சத்தமா விலா உடைகிற சத்தமா, எவனோ "காலு! காலு!" என்று அலறுகிறான், எவன் காலோ, ரொட்டிக்கடை டாண்டின் காது பாதி தொங்குகிறது, அவன் அதைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் சவப்பெட்டி ராப்பின் வாயில் குத்துகிறான், ராப் ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பிவிட்டு, "நாளைக்கு உன் கடை ரொட்டியை எப்படிடா மெல்லுவேன்?" என்கிறான், சுற்றியிருக்கிறவர்கள் சிரிக்கிறார்கள், டிபியும் சிரிக்கிறாள், வாயிலிருந்து பிஸ்கட் தூள் என் ஜன்னல் கட்டையில் கொட்டுகிறது. நினியன் இப்போது எங்கே… படிக்கட்டுக்கு அருகில். இரண்டே தலைகள்தான் நடுவில். இப்போது ஒன்றுகூட இல்லை. வாட் அவனைப் பார்த்துவிட்டார், தோளால் இடிக்கிறார், ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது இடியில் நினியனின் மூக்கு வெடித்துச் சட்டையெல்லாம் சிவப்பு, அவன் திருப்பி அடிக்கவில்லை, ஏன் அடிக்கவில்லை, காத்திருக்கிறானா, வாட் ஏதோ சொல்கிறார், உதடு அசைகிறது, கேட்கவில்லை, அப்போது பின்னாலிருந்து குவியல் ஒரு நெட்டு நெட்ட, மனுஷன் சறுக்கி விழுந்தார். கல் பாவிய தரையில் அவருடைய இடது கை விரித்துக் கிடந்தது. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. நினியன் அதைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான், என்னைத்தான், ரத்தம் வழிகிற முகத்தோடு, கேள்வி கேட்கிறவன் மாதிரி. நான் ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். பக்கத்துத் தெருப் பூனை குட்டி போட்டால் முதலில் சத்தம் போடுகிற வாய் இது. தேநீர்க் கோப்பை உதட்டில் இருந்தது, நான் ஒரு மடக்குக் குடித்தேன், ஆறிப்போயிருந்தது, அதையும் விழுங்கினேன். அவன் பூட்ஸ் இறங்கியது. ஒரு தடவை இல்லை. குதிகாலை வைத்து, சிகரெட்டை அணைப்பது போல, திருகி. இந்த உயரத்துக்கு அந்தச் சத்தம் வந்திருக்க முடியாது, ஆனால் எனக்குக் கேட்டது, செலரித் தண்டை ஒடிக்கிற சத்தம்.

"யாருடி அது? யாரு மிதிச்சது?" டிபி எழுந்தேவிட்டாள். "நான் பாக்கலை." "நீயா பாக்கலை?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், மிதித்தவனை அவள் பார்த்திருந்தால்கூட அவ்வளவு திகைத்திருக்க மாட்டாள், இனி ஊர் முழுக்கப் பரவப்போவது அதுதான், வாட்டின் கை நொறுங்கியது இல்லை, எல்ஸ்பி ஒன்றையும் பார்க்கவில்லை என்பது. கீழே பந்து கீழூரின் எல்லையான ஓடைக்குள் போய்விட்டது, கீழூர் ஜெயித்துவிட்டது, ஊளையிடுகிறார்கள், நினியனைத் தோளில் தூக்கியிருக்கிறார்கள், அவன் சிரிக்கவில்லை. வாட்டைக் கூரை வாட்டும் டாண்டும் கைத்தாங்கலாக டாக்டரிடம் கூட்டிப்போனார்கள், ஒரு காது இல்லாதவன் ஒரு கை இல்லாதவரைப் பிடித்துக்கொண்டு போகிற அழகு, டாக்டர் வெளியூர்க்காரர், மூன்று எலும்பு இனிப் பழையபடி சேராது என்றாராம், எப்படி ஆச்சு என்று கேட்டாராம், மூன்று பேரும் ஒரே குரலில் "பந்து" என்றார்களாம்.

சாராயக்கடையில் மனுஷனுக்காக ஒரு நாற்காலி காலியாக வைத்துக் காத்திருக்கிறார்கள், அவர் போகவில்லை, நேராக வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்தார். இடது கை, பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றிய மாதிரி வெள்ளை மூட்டையாக மடியில் கிடக்கிறது. நான் சூப்பை ஊற்றி வைத்தேன், ஊட்டிவிடலாம் என்று கரண்டியை எடுத்தேன், பிடுங்கிக்கொண்டார், வலது கையால், சரி கொட்டிக்கொள்ளட்டும் என்று துண்டை எடுத்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன், சொல்லப்போனால் கொஞ்சம் ஆசையாகவே உட்கார்ந்தேன், பிள்ளையின் கையைக் கட்டிப்போட்டுப் பழக்கியவர் ஒரு கரண்டி சூப்பை வாய்க்குக் கொண்டுபோகப் படுகிற பாட்டைப் பார்க்கலாமே என்று. "யாருன்னு கேக்கமாட்டியா?" என்றார். "பந்துல பட்டது," என்றேன். "ம்," என்றார், அப்புறம், "ஞாயித்துக்கிழமை ஆர்ச்சியைக் கூட்டிட்டு வரச் சொல்லு." எதற்கு? எதற்குக் கூட்டிவர? மன்னிப்புக் கேட்கவா, இன்னொரு கையாலாவது கட்டிப்பார்க்கவா? முகத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடினேன், ஒன்றும் இல்லை, மனுஷன் பசியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கரண்டி விளிம்பால் உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டினார், ஓரத்துக் கொழுப்பை ஒதுக்கினார், பார்லியைச் சரித்து அள்ளினார், ரொட்டியைத் தட்டோரம் சாய்த்துவைத்து வெண்ணெயை ஒரே இழுப்பில் மூலை வரைக்கும் தடவினார்… ஒரு சொட்டு சிந்தவில்லை. என் கையில் துண்டு அப்படியே இருந்தது. நினியன் இடது கையால் வெண்ணெய் தடவ எத்தனை காலம் பிடித்தது, இன்றைக்கும் மூலை வரைக்கும் வராது, இவருக்கு எப்படி, பழகாத கைக்கு எப்படி… இவருடைய அப்பா பெரிய கசாப்பு, இதே கடை, இதே கொக்கி, இவர் கையைக் கட்டிய கயிற்று உருண்டை மட்டும் அப்போது வேறாக இருந்திருக்கும். தூக்கத்தில் போர்வையை என்மேல் இழுத்துவிடுகிற கை எது? எந்தப் பக்கத்திலிருந்து வரும்? ஒரே கட்டிலில் படுத்து எழுந்தவள், ஊரில் எவளுக்கு எந்த மாதம் தள்ளிப்போனது என்பது தெரிந்தவள், எனக்கு இது ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.

அப்போது அவர் நிமிர்ந்தார். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அடுத்த கரண்டி பாதி வழியில் நடுங்கியது, சாய்ந்தது, ஆவி பறக்கிற சூப்பு மொத்தமும் சட்டையில், நெஞ்சில், தொப்புள் வரைக்கும் வழிந்தது, பல்லைக் கடித்துக்கொண்டார், "பாரு, இந்தக் கை எதுக்கும் உதவாது," என்றார். நான் எழுந்துபோய்த் துடைத்தேன், தோல் சிவந்து கன்றிப்போயிருந்தது, அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், இவ்வளவு சூட்டை வேண்டுமென்றே மேலே ஊற்றிக்கொள்ளும் அளவுக்கு யாரிடம் இந்தப் பயம்… அப்பன் செத்து மண்ணாகிவிட்டான், பிள்ளை இங்கே இல்லை, இந்த அறையில் என்னைத் தவிர யாருமே இல்லையே.